ஓடைக்கு அக்கரையிலிருந்து வந்த ‘விடு’

காமாட்சியை நம்பிப் பிழைக்கும் என் சொந்தங்களே, சென்ற ஆண்டு ஆவணியில் ஒரு சனிக்கிழமை காலை, வானம் வெளுக்கும் நேரத்தில், என் வீட்டுக்காரரின் உதடு நீலமாக இருந்தது. நாங்கள் இருந்த இடம் இமயமலையில் சந்திரதால் ஏரிக்குப் பக்கம். வண்டிக்குள் படுத்திருந்தவர் மூச்சை இழுக்கிறார், நெஞ்சுக்குள் கொரகொரவென்று சத்தம் கேட்கிறது. போனில் ஒரு கோடு சிக்னல் இல்லை. எனக்கு இந்தி தெரியாது. ஆஸ்பத்திரி மலைக்குக் கீழே, எங்கேயோ இருந்தது. இவரை இங்கேயே விட்டுவிட்டுத்தான் ஊர் திரும்பப் போகிறேனா என்று நினைத்து வாய்விட்டு அழுதேன்.

அந்த அழுகையிலிருந்து அம்மா என்னை எப்படி எழுப்பினாள் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் பெருமை அடித்துக்கொள்வேன். பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் அம்மாவைப் பற்றிய பெருமையில் என் பங்கும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வருகிறது, நான் என்ன செய்வது?

என் பெயர் மல்லிகா. பிறந்தது வாலாஜாபாத், வாழ்க்கைப்பட்டது காஞ்சிபுரம். அப்பா அரிசி ஆலை லாரி ஓட்டியவர். பாலாற்றில் தண்ணீர் இல்லாத நாட்களில் அந்த மணலில் லாரியை ஓட்டிப் பழகியவள் நான். மணலில் வண்டி புதைந்தால் எந்தக் கியரில் எடுக்க வேண்டும் என்பது எனக்குக் கோலம் போடத் தெரிவதற்கு முன்பே தெரியும். கல்யாணத்துக்குப் பிறகு என் வீட்டுக்காரர் சபாபதியின் தறியில் உட்கார்ந்தேன். அவர் நெய்வது கோர்வைச் சேலை. சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம், இரண்டையும் இழைக்கு இழை கோத்து நெய்ய வேண்டும். அதற்குத் தறியில் இரண்டு பேர் தேவை. உடலுக்கான நாடாவை, அதாவது ஊடிழையை ஓட்டும் கட்டையை, அவர் போடுவார். பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கான நாடாவை நான் போடுவேன்.

எங்கள் தறியில் பேச்சு அதிகம் கிடையாது. இழை பிரிந்து வழி சரியாக இருக்கிறது என்று பார்த்ததும் அவர் ஒரே வார்த்தை சொல்வார்: “விடு.” என் நாடா ஓடும். அவர் பார்த்துவிட்டார் என்றால் நான் திரும்பப் பார்ப்பதில்லை. ஒரு சேலைக்கு எத்தனை ஆயிரம் ‘விடு’ என்று யார் எண்ணினார்கள்! என் மனசுக்குப் போவதற்கு முன்பே அந்த வார்த்தை என் கைக்குப் போய்விடும்.

பிள்ளைகள் இரண்டும் வேலைக்குப் போய்த் தனித்தனியாகக் குடும்பமான பிறகு எங்களுக்கு ஒரு ஆசை வந்தது. நீலகிரித் தேயிலைத் தோட்டம் ஒன்றில் ஓடிய பழைய வேன் விலைக்கு வந்தது. நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் வண்டி. அதை வாங்கினோம். உள்ளே கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, சாமான் அலமாரி எல்லாம் வைத்து வீடாக்கியவர் யார் தெரியுமா? எங்கள் தெருவில் தறி செய்யும் ஆசாரி. தறி அதிர்ந்தால் சேலை கெட்டுவிடும் என்பதால் அவர் கை வைத்த மரம் ஆடாது. எந்தக் குண்டு குழியில் இறங்கினாலும் என் சம்புடம் ஒன்றுகூட உருண்டதில்லை. வெளிநாட்டு வண்டியில் வந்தவர்கள்கூட உள்ளே எட்டிப் பார்த்து வியந்திருக்கிறார்கள்.

ஊர் சும்மா இருக்குமா? எதிர்வீட்டு ராஜேஸ்வரி வாசலில் நின்று கேட்டாள்.

“இன்னா மல்லிகா, நாடா போடற கையி ஸ்டியரிங் புடிக்குமா? ரெண்டு பேரும் பேரன் பேத்தியப் பாத்துக்கினு இருக்கிற வயசுல மல ஏறப் போறீங்களா?”

“நாடாவ வுட சுலபம்டி இது. நாடா போனா வழி கண்ணுக்குத் தெரியாது, ரோடாச்சும் தெரியுது” என்றேன்.

முதலில் ஏலகிரி, அடுத்து கொல்லிமலை, அதற்கப்புறம் கர்நாடகப் பக்கத்துக் காட்டு மலைகள் என்று போனோம். நான் ஓட்டுவேன். பாதை மோசமான இடத்தில் அவர் இறங்கி மூங்கில் கம்போடு முன்னால் நடப்பார். கல்லைத் தட்டிப் பார்ப்பார், பள்ளத்தை அளப்பார், திரும்பி நின்று என்னைப் பார்த்து “விடு” என்பார். நான் விடுவேன். தறியில் எப்படியோ அப்படியேதான். வேறு யாராவது வழி காட்டினால் எனக்கு ஓட்ட வராது.

குன்சும் கணவாய் என்று ஒன்று இருக்கிறது, அதன் உச்சியில் ஒரு அம்மன் இருக்கிறாள், அந்த வழியாகப் போகும் எல்லா வண்டியும் அவளைச் சுற்றிவிட்டுத்தான் போகும் என்று யாரோ அவருக்குச் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து மனிதருக்கு அதே பேச்சு.

“நம்ம காமாட்சி மாரியே அவளும் ஒரு அம்மன்தானேமா. அம்மாம் குளுர்ல நிக்கிறா. நம்ம கையால ஒரு சேல கட்டணும்.”

அரக்கு உடல், பச்சைக் கரை. இருவரும் உட்கார்ந்து நெய்தோம். முடித்ததும் காமாட்சி சந்நிதியில் வைத்து எடுத்துக்கொண்டு கிளம்பினோம்.

மணாலி தாண்டியதும் தார் ரோடு முடிந்துபோனது. அப்புறம் கல்லும் தண்ணீரும்தான். ஒரு பக்கம் மலை சரிந்து நிற்கும், மறுபக்கம் அடி தெரியாத பள்ளம். எதிரே வண்டி வந்தால் யாராவது ஒருவர் பின்னால் போக வேண்டும். எத்தனையோ தடவை நான்தான் பின்னால் போனேன். ஒரு தடவைகூடக் கண்ணாடி உரசவில்லை. வழியில் ஒரு ஓடை ரோட்டை அறுத்துக்கொண்டு ஓடியது. முழங்கால் அளவு தண்ணீர். இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிக் கம்பால் குத்திக் குத்தி வழி பார்த்து “விடு” என்றார். கடந்தோம்.

வெள்ளிக்கிழமை நடுப்பகலில் குன்சும் உச்சிக்குப் போய்ச் சேர்ந்தோம். காற்று ஆளைத் தள்ளுகிறது. சுற்றிலும் வெள்ளை மலை. டிஎன் என்று தமிழ்நாட்டுப் பதிவெண் போட்ட என் வண்டி அந்த அம்மனைச் சுற்றி வந்தபோது எனக்குக் கால் தரையில் படவில்லை. கோயிலைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் சேலையை வாங்கித் தடவிப் பார்த்தார், அம்மனுக்குச் சாத்தினார். அரக்கும் பச்சையும் அந்த வெள்ளை மலைக்கு நடுவே எப்படி இருந்தது என்கிறீர்கள்! இவர் குழந்தை மாதிரி அழுதார்.

அன்று மாலை சந்திரதால் ஏரிக்கு வந்து தங்கினோம். தலை வலிக்கிறது என்றார். குளிர் என்று நினைத்து ரசம் வைத்துக் கொடுத்தேன். இருட்டியதும் மழை பிடித்துக்கொண்டது. விடியும்போதுதான் நான் முதலில் சொன்ன அந்தக் கோலம்.

“ஒண்ணும் இல்லமா, செத்த நேரம் படுத்தா சரியாப் பூடும்” என்றார். அதைச் சொல்லி முடிக்க அவருக்கு மூச்சு போதவில்லை. பக்கத்தில் கூடாரம் போட்டிருந்த பையன்கள் வந்து பார்த்தார்கள். கீழே, கீழே என்று கையைக் காட்டினார்கள். இந்த உயரத்தில் காற்று பற்றாது, உடனே இறங்க வேண்டும் என்பது எனக்குப் புரிந்தது. அழுகையைத் துடைத்தேன். அவர் உருளாமல் இருக்க என் சேலை ஒன்றால் கட்டிலோடு சேர்த்துக் கட்டினேன். திருநீறு பூசிவிட்டு வண்டியை எடுத்தேன்.

அந்தப் பாதையை நான் எப்படி ஓட்டினேன் என்பதை இன்னொரு ஓட்டுநர்தான் புரிந்துகொள்ள முடியும். மழையில் மண் கரைந்து ஓரம் அரித்துப் போயிருந்தது. பள்ளத்துப் பக்கச் சக்கரத்துக்குக் கீழே தரை இருக்கிறதா இல்லையா என்று இருக்கையின் அதிர்விலேயே எனக்குத் தெரிந்துவிடும். வளைவுக்கு வளைவு காமாட்சி, காமாட்சி என்று சொல்லிக்கொண்டே இறங்கினேன். பின்னால் அவர் இருமும் சத்தம் வந்தால் பயம். வராவிட்டால் அதைவிடப் பயம்.

அப்படி வந்து அந்த ஓடைக்கு முன்னால் நின்றேன்.

போகும்போது முழங்கால் அளவு ஓடிய அதே ஓடையா இது! காபி நிறத்தில் தண்ணீர் புரண்டு வருகிறது. அடியில் கல் உருளும் சத்தம் வண்டிக்குள்ளே அதிர்கிறது. தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்பார்கள். வண்டி ஓட்டுகிறவளுக்குச் சாணும் முழமும் வேறு வேறு. ஒரு சாண் ஏறினால் எஞ்சின் நிற்கும், ஒரு முழம் ஏறினால் வண்டியே போகும். எத்தனை ஆழம் என்று கம்பு வைத்துப் பார்க்கிறவர் பின்னால் கட்டிலில் கிடக்கிறார். இக்கரையில் ஆள் இல்லை. அக்கரையில் ரோடு போடும் மஞ்சள் இயந்திரம் ஒன்று நின்றது. காத்திருக்கலாம் என்றால் வெயில் ஏற ஏறப் பனி உருகித் தண்ணீர் கூடத்தான் செய்யும். அதுவரை இவர் தாங்குவாரா?

எனக்குக் கோபம் வந்தது. ஆமாம், அம்மாவின் மேல்தான். பிள்ளை தாயிடம் கோபப்படாமல் வேறு யாரிடம் படும்? ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கத்தினேன்.

“உனக்குச் சேல கட்டி ஒரு நாள் ஆவல. கட்டினவர இப்படிப் படுக்க வச்சிட்டியே! எனக்கு ஓட்டத் தெரியும். வழி பாக்கத்தான் ஆள் இல்ல. நீ பாருமா. பாத்துட்டு ஒரு வார்த்த சொல்லு. நீ சொன்னா நான் போறேன்.”

சொல்லி வாயை மூடவில்லை. தண்ணீர் இரைச்சலுக்கு மேலே, அக்கரையிலிருந்து ஒரு குரல் வந்தது.

“விடூ…!”

சத்தியமாகச் சொல்கிறேன். வீட்டை விட்டுக் கிளம்பி எத்தனை மாநிலம் தாண்டி வந்திருக்கிறோம். அந்த மலையில் இவர் வாயைத் தவிர வேறு வாயிலிருந்து ஒரு தமிழ் வார்த்தை நான் கேட்கவில்லை. அந்த இடத்தில், எங்கள் தறி வார்த்தை. நிமிர்ந்து பார்த்தால் மஞ்சள் இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு ஆள் கையை ஆட்டுகிறார். வா என்கிறாரா, போ என்கிறாரா, ஒன்றும் புரியவில்லை. வார்த்தை மட்டும் தெளிவாக வந்தது. “விடூ… விடூ…!”

என் மனசு யோசிக்கவில்லை. தறியில் யோசித்தா நாடா போட்டேன்? கை கியரை மாற்றிவிட்டது. நான்கு சக்கரமும் இழுக்கும் கியர், அதிலும் மெதுவானது. வண்டி தண்ணீரில் இறங்கியது.

தண்ணீருக்குள் போனால் கிளட்ச்சை மிதிக்கக் கூடாது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கக் கூடாது. எடுத்தால் புகைக்குழாயில் தண்ணீர் ஏறி எஞ்சின் அங்கேயே நின்றுவிடும். ஒரே சீராகப் போக வேண்டும். நடுவில் இடது பக்கச் சக்கரம் ஒரு கல்லில் ஏறி வண்டி சாய்ந்தது. என் பக்கக் கதவில் தண்ணீர் அடித்தது. வண்டி ஒரு பக்கமாக நகருவது தெரிந்தது. அந்த ஆள் இன்னும் பலமாகக் கத்துகிறார், “விடூ, விடூ!” ஒவ்வொரு தடவை கத்தும்போதும் என் கால் ஒரு அழுத்து அழுத்தியது. பாலாற்று மணலில் எடுப்பது போல ஸ்டியரிங்கை இப்படி அப்படி ஆட்டிக் கொடுத்தேன். முன்சக்கரம் எதையோ கவ்வியது. வண்டி உறுமியது. ஏறிவிட்டோம்! அலமாரியில் ஒரு சம்புடம் உருளவில்லை.

அக்கரையில் வண்டியை நிறுத்தியதும் அந்த ஆள் ஓடி வந்தார். நாற்பது வயது இருக்கும். முகம் வெளிறியிருந்தது. கும்பிடலாம் என்று கையெடுத்தால் திட்ட ஆரம்பித்துவிட்டார்.

“இன்னா யக்கா நீ! அறிவு இருக்குதா? தொண்ட கிழிய விடுங்கம்மா, வேணாம் விடுங்கன்னு கத்திக்கினு இருக்கேன், நீ பாட்டுக்கு உள்ள எறங்குற?”

“நீங்கதானே தம்பி விடுன்னீங்க. அதான் விட்டேன்!”

“அய்யய்யோ, நான் விடுங்க, வராதீங்கன்னு சொன்னேன் யக்கா!”

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். இரைச்சலில் ‘வேணாம்’ கரையேறவில்லை, ‘விடு’ மட்டும் வந்திருக்கிறது. அவர் சொன்னது கைவிடச் சொல்லும் ‘விடு’. நான் கேட்டது சபாபதி சொல்லும் ‘விடு’. எங்கள் தறியில் உட்காராத ஒருத்தியாக இருந்தால் ஒரு நொடி நின்று யோசித்திருப்பாள். யோசித்திருந்தால் இறங்கியிருக்க மாட்டாள்.

அவர் பெயர் ஏழுமலை, வந்தவாசிக்காரர். ரோடு வேலையில் அந்த இயந்திரத்தை ஓட்டுகிறார். என் வண்டியின் டிஎன் பதிவெண்ணைப் பார்த்துத்தான் தமிழில் கத்தியிருக்கிறார். உள்ளே எட்டி இவரைப் பார்த்ததும் திட்டுவதை நிறுத்திவிட்டார். அவர்களுடைய முகாமுக்கு ஓடி ஆக்சிஜன் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார். மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு என் வண்டியிலேயே ஏறி, இவர் மூக்கில் குழாயைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

கிளம்பிக் கொஞ்ச தூரம்கூடப் போகவில்லை. பின்னால் இடி மாதிரி ஒரு சத்தம். நிறுத்திப் பார்த்தோம். ஓடைக்கு மேலே இருந்த சரிவு மொத்தமாக இறங்கிவிட்டது. நான் கடந்த இடத்தில் வீட்டளவு பாறைகள் கிடந்தன. இக்கரையும் இல்லை, அக்கரையும் இல்லை. ஏழுமலை தலையில் கை வைத்துக்கொண்டார். முகாம் தள்ளி இருந்ததால் அங்கிருந்த ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, அந்த வழி திறக்கத்தான் பல நாள் ஆனது என்று பிறகு தெரிந்தது.

மணாலி ஆஸ்பத்திரியில் டாக்டர் பரிசோதித்தார். நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது, உயரம் ஒத்துக்கொள்ளவில்லை என்றார். பகல் முழுக்க மேலேயே இருந்திருந்தால் பிழைத்திருக்க மாட்டார் என்று சொன்னதை ஏழுமலைதான் எனக்குத் தமிழில் சொன்னார்.

மறுநாள் இவர் கண் விழித்தார். குழாயை விலக்கிவிட்டு முதலில் கேட்டது என்ன தெரியுமா?

“ஓடையில யாருமா வழி பாத்தது?”

“காமாட்சி” என்றேன்.

சிரித்தார். நம்பினார். அவர் எதையும் இரண்டாவது தடவை என்னிடம் கேட்பதில்லை.

ஏழுமலை விடுமுறைக்கு ஊருக்கு வரும்போதெல்லாம் எங்கள் வீட்டுக்கு வராமல் போவதில்லை. ஒவ்வொரு தடவையும் அதே வழக்குதான். சாப்பாட்டு இலைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு ஆரம்பிப்பார்.

“யக்கா, நான் உன்ன நிறுத்தத்தான் கத்தினேன். சாமிகிட்ட பொய்க்கணக்கு எழுதாத.”

“நீ சொன்னது அது தம்பி. என் காதுல வுழுந்தது இது. நடுவுல மாத்தினது யாரு? அதச் சொல்லு.”

அவர் இன்னொரு கரண்டி சாம்பார் கேட்பார்.

சொந்தங்களே, அதற்கு முன்பும் நான் கோயிலுக்குப் போனவள்தான். விளக்குப் போடுவேன், அர்ச்சனை செய்வேன், கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவேன். இப்போது கேட்டுவிட்டுக் கொஞ்சம் நிற்கிறேன். அவள் என்ன சொல்கிறாள் என்று காது கொடுக்கிறேன். டாக்டர் சொன்னபடி அந்த உயரத்துக்கு இவரை இனி அழைத்துப் போவதில்லை. நம் பக்கத்து மலைகளே எங்களுக்குப் போதும். தறியும் ஓடுகிறது, வண்டியும் ஓடுகிறது.

இன்னொரு சமாசாரம். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் எங்கள் தெருப் பெண்களை வாலாஜாபாத் பக்கம் பாலாற்று மணலுக்கு அழைத்துப் போய் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். முதல் ஆளாக வந்தது யார்? எதிர்வீட்டு ராஜேஸ்வரியேதான்! போன வாரம் மணலில் வண்டியைப் புதைத்துவிட்டு ஸ்டியரிங்கைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

“எனக்கு வராது மல்லிகா. நீயே வந்து எடுத்துடு.”

நான் போகவில்லை. இவருடைய மூங்கில் கம்பை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தேன். மணலைக் குத்திப் பார்த்தேன். திரும்பி நின்று அவள் கண்ணைப் பார்த்தேன். என் வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த வார்த்தையை நான் சொன்னேன். வண்டி மணலைக் கிளப்பிக்கொண்டு வெளியே வந்தது. ராஜேஸ்வரி போட்ட கூச்சலில் கொக்கெல்லாம் பறந்தது.

உங்கள் முன்னால் எந்த ஓடை ஓடுகிறதோ எனக்குத் தெரியாது. நோயாக இருக்கலாம், பிள்ளைகள் கவலையாக இருக்கலாம், வெளியே சொல்ல முடியாததாகவும் இருக்கலாம். இக்கரையில் தனியாக நிற்கிறோம், வழி பார்க்க ஆள் இல்லை என்று அழாதீர்கள். அவளிடம் கேளுங்கள். கோபமாகக்கூடக் கேளுங்கள், ஒன்றும் நினைக்க மாட்டாள். ஆனால் கேட்டுவிட்டுக் காதைத் திறந்து வையுங்கள். அவள் பார்த்துவிட்டு ஒரே ஒரு வார்த்தைதான் சொல்வாள்.

சொன்னதும், விடுங்கள்.